முன்கடையில் வைத்த பழக்கம்

மாட்டுச் சந்தைக்குத் துண்டு திரும்பி வந்ததற்குக் காரணம் காது. மனிதர்களின் காது இல்லை; சட்டைப்பையில் கிடக்கும் போனின் காது, மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியின் காது. ஈரோட்டுக் கருங்கல்பாளையம் சந்தையில் ஒருவன் வாயைத் திறந்து விலை சொன்னால், அவன் வாயை மூடுவதற்குள் அது மாண்டியாவிலும் திருச்சூரிலும் தெரிந்துவிடும். சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்தால் கண்ணாடி படித்துவிடும். எழுதிக் காட்டினால் கேட்கவே வேண்டாம். பார்த்தார்கள் வியாபாரிகள். தோளில் சும்மா கிடந்த துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு, அதற்கடியில் விரலோடு விரல் பேசும் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள். துண்டுக்குள் நுழைய எந்தக் கம்பெனிக்கும் வழி தெரியவில்லை. மாட்டில் தொடங்கியது மஞ்சளுக்குப் போய், தேங்காய்க்குப் போய், கடைசியில் கல்யாண மண்டபத்து வாடகைகூடத் துண்டுக்கடியில்தான் முடிந்தது. துண்டு நெய்கிறவர்கள் கார் வாங்கினார்கள்.

இப்படிப்பட்ட காலத்தில் ஒரு தரகருக்கு வலது கை போனால் என்ன ஆகும்? பூபதிக்குப் போனது. கரும்பு லாரி ஒன்று பின்னால் வந்ததில், முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சந்தையில் துண்டுக்கடியில் இடது கையை நீட்டுகிறவன் பேரம் பேச வரவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறான் என்று அர்த்தம். பூபதி சில மாதம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் மனைவி கோகிலவாணி அவரைப் பெருந்துறை ரோட்டில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே அவருக்குப் பொருத்திய செயற்கைக் கையின் பெயர் 'கைராசி'. தொட்டால் சூடு இருக்கும். ரோமம்கூட உண்டு. நினைத்தால் அசையும். அதைப் பொருத்தி, பழக்கிவிட வந்த பெண் செலின். நாகர்கோவில் பக்கம், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அந்த ஒரு குறைதான் பூபதி கண்ணில் முதலில் பட்டது.

"சார், இந்தக் கைக்குள்ள ரெண்டு இடம் இருக்கு" என்று செலின் ஆரம்பித்தாள். "கை கூடவே கம்பெனி குடுத்து அனுப்புற சாமான் எல்லாம் ஒரு இடம். டம்ளர் பிடிக்கிறது, பட்டன் போடறது, கும்பிடறது, இதெல்லாம். அது கம்பெனி இடம். நீங்களா பழக்கிக்கிறது, உங்க விருப்பத்துக்கு மாத்தி வெச்சுக்கிறது எல்லாம் இன்னொரு இடம். அது உங்க சொந்த இடம். ரெண்டையும் கலக்கவே கூடாது. எங்களுக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடமே அதுதான்."

"செரி அம்மிணி, இதுல எது முன்கடை?" என்றார் பூபதி.

"முன்கடையா?"

"கடைத்தெருன்னா முன்கடை இருக்கும், பின்கட்டு இருக்கும். இந்தக் கை ஒரு வேலை செய்யோணும்னா மொதல்ல எங்க போயிக் கேக்கும்?"

"கம்பெனி இடத்துலதான் தேடும். அங்க இல்லன்னா உங்க இடத்துக்கு வரும்."

"அப்படிப் போயிட்டு வர எத்தனை நேரமாகும்?"

செலின் சிரித்தாள். "கண்ணு இமைக்கிற நேரம்கூட ஆகாது சார்."

"அம்மிணி, துண்டுக்கடியில கண்ணு இமைக்கிற நேரம்னா அது ஒரு மாட்டு விலை. என்ற கை அந்த நேரம் சும்மா நின்னுதுன்னா எதுத்தாப்பல இருக்கறவன் 'ஆகா, இவன் தடுமார்றான்'னு இன்னும் நாலு அமுத்து அமுத்துவான். எனக்கு முன்கடையே குடுத்துருங்க. என்ற பழக்கம் பூராத்தையும் அவத்தைக்கே வெச்சுருங்க."

"அது முடியாது சார். அது கம்பெனியோடது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்கும் அது சரியாகப் படவில்லை. "ஏனுங், அடுத்தவங்க எடத்துல நம்ம சாமானைக் கொண்டுபோயி எதுக்குங் போடறீங்?"

"எடம் நல்ல எடம் கோகிலா. நடமாட்டம் இருக்கற எடம். பின்கட்டுல கடை வெச்சு எவன் பொழைச்சான்?"

கோகிலவாணியும் தரகர் மகள்தான். ஆனாலும் இடம் வாங்குவதில் ஒரு கணக்கு, அதில் குடியிருப்பதில் ஒரு கணக்கு என்று அவளுக்குத் தெரியும். பூபதிக்கோ வாங்கும் கணக்கு மட்டும்தான் தெரியும். அவர் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்தார். எதிர்ப்பக்கத்துக் கம்பெனியில் முன்கடையே தருகிறார்களாம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அப்படி ஒரு கம்பெனியை அவர் பார்த்ததும் இல்லை. வாசல்வரை நடந்தார். கதவில் கை வைத்தார். வியாபாரம் தெரிந்தவர்கள் கதவில் கை வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். செலின் வியாபாரம் தெரியாதவள்.

"சார், வாங்க சார், உக்காருங்க. வெச்சுத் தர்றேன். ஆனா பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது."

"நான் ஏன் திட்டறேன்? வாயில நல்ல வார்த்தையத் தவிர வேற வராது எனக்கு" என்றபடி பூபதி உட்கார்ந்தார். மனசுக்குள் ஒரு மாட்டை மலிவாக அடித்துவிட்ட சந்தோஷம்.

கை பழகியது. சந்தைக்குப் போன சில வாரத்தில் பழைய பூபதி திரும்பிவிட்டார். பொய் சொல்லும்போது சுண்டு விரலைச் சற்றே தளர்த்தி, இனிமேல் ஏற வழியே இல்லாதவனைப்போலப் பாவனை காட்டுவார். அதுகூட அப்படியே வந்துவிட்டது. சந்தையில் அவர் பெரும்பாலும் வாங்குகிறவர்களுக்குத் தரகர். விலையை அடித்து இறக்குவதுதான் வேலை. கைராசி அதை ஒரு பசிகொண்ட மாணவனைப்போலப் படித்துக்கொண்டது.

சந்தை வழக்கத்தோடு இன்னொன்றும் அந்தக் கைக்குள் போனது. அதைப் பூபதி யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் கல்யாணத்தில் இருவர் கையையும் சேர்த்துப் பிடிக்க வைத்து மேலே பட்டுத்துணி போட்டார்கள். துணிக்கடியில் ஒரு கை கிடைத்ததும் மாப்பிள்ளைக்குப் பழக்கதோஷம். பெண்ணின் மோதிர விரலை மடக்கி, 'இன்னும் ஏற்றித் தருகிறேன்' என்று ஓர் அழுத்து அழுத்திவிட்டார். செய்த பிறகுதான் செய்தது தெரிந்தது, முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அப்போது துணிக்கடியில் பெண்ணின் விரல் அசைந்தது. அவர் உள்ளங்கையில் நகத்தால் ஒரு கீறல். தரகர் பாஷையில் அதற்கு 'போதாது' என்று அர்த்தம். அவள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அன்று தொடங்கிய பேரம் அது. பஸ் நெரிசலில், துக்க வீட்டில், மகனை ஹாஸ்டலில் விட்டு வரும் வழியில், அவர் மோதிர விரலை மடக்குவார். அவள் உள்ளங்கையில் கீறுவாள். முடிவு விலை என்று ஒன்றை இருவருமே சொன்னதில்லை. புதுக் கை வந்த பிறகும் அது தொடர்ந்தது.

மூன்று வருஷம் கழித்து ஒரு சித்திரை மாதத்தில் கைராசிக்குப் புது அப்டேட் வந்தது. கை ஒரு நிமிஷம் மரத்துப்போய், பிறகு விழித்துக்கொண்டது. பூபதிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வித்தியாசம் சந்தையில் தெரிந்தது. மாண்டியாவிலிருந்து வந்த ஓர் இளம் தரகரோடு காங்கேயம் காளை ஒன்றுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தரகருக்கும் கைராசிதான். துண்டுக்கடியில் அந்தக் கை, இனிமேல் முடியாது என்று அழுத்தியது. அழுத்தும்போது சுண்டு விரல் சற்றே தளர்ந்தது.

பூபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தளர்ச்சியை அவருக்குத் தெரியும். அது அவருடைய பொய்.

மறுபடி சோதித்தார். மறுபடியும் தளர்ந்தது. பூபதி மீசைக்குள் சிரித்துக்கொண்டு, காளையைச் சும்மா அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி மலிவாக வாங்கினார். அன்று இன்னும் இரண்டு கைராசிகளைச் சந்தித்தார். எல்லாக் கைகளும் அவர் பொய்யையே சொல்லின. தன் பொய்யைக் கண்டுபிடிப்பதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? மத்தியானம் டீக்கடையில் தன் பழைய கூட்டாளி ஷாகுல் பாயிடம் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

ஷாகுல் பாய் சிரிக்கவில்லை. "ஏப்பா பூபதி, இத்தனை நாளா உன் சுண்டு வெரல் தளர்றது எனக்குத் தெரியாது. இன்னிக்குக் காலையில ஒரு பழனிக்காரன் கைராசிகிட்டப் பேசினேன். தளர்ந்துச்சு. பொய்னு பிடிச்சேன். அப்பறம் உன்கிட்டப் பேசினேன் பாரு, அந்தக் கிடேரிக்கு. உனக்கும் தளர்ந்துச்சு."

பூபதியின் கையில் டீ ஆறிப்போனது.

"உன் பொய் இப்ப ஊர்ப் பொய்யாச்சுப்பா" என்றார் ஷாகுல் பாய். "நீ வேற ஒண்ணு தயார் பண்ணிக்க."

சரி, பொய்தானே, வேறொன்று தயாரிக்கலாம். அது ஒன்றும் பஞ்சமான சரக்கு இல்லை என்று தேற்றிக்கொண்டு பூபதி வீட்டுக்கு வந்தார். கோகிலவாணி முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். கை நிறையப் புது வளையல். வளையல் போட்டுக்கொண்டு வந்த முகமாக அது இல்லை. கண் சிவந்திருந்தது.

"என்னாச்சு கோகிலா?"

"கோயில் வீதியில வளையக் கடை போட்டிருக்கறாருல்லீங், லோகுன்னு ஒருத்தர். அவருக்கும் உங்க மாதிரிக் கைதான். வளையல் ஏத்தறப்ப..." அவள் நிறுத்தினாள். தன் மோதிர விரலை இன்னொரு கையால் மடக்கிக் காட்டினாள். "இப்படி மடக்கி, அமுத்துனாருங்."

பூபதி குனிந்து அந்த விரலைப் பார்த்தார்.

"நான் கையை இழுத்துக்கிட்டேன். அவரு பயந்து போயிட்டாரு. 'அம்மா, நான் செய்யலீங், கை தானாச் செய்யுது, புது அப்டேட்டுல வந்துது, எல்லாருக்கும் புடிச்சிருக்குது'ங்கறாரு. கம்பெனியில அதுக்குப் பேரே வெச்சிருக்கறாங்களாம். 'அன்பு அழுத்தம்'னு."

பூபதி செருப்பைக்கூட மாட்டாமல் கோயில் வீதிக்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது லோகு ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கண்ணாடி வளையல் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும், வெற்றிலை போட்டு உதடு சிவந்திருந்தது. அவருடைய வலது கை, பூபதியின் மனைவியைப் பூபதி பிடிப்பதுபோல, அந்தப் பெண்ணின் விரலை மடக்கி அழுத்தியது. பெண் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு இன்னொரு டஜன் கேட்டாள். சண்டை பிடிக்க வந்த பூபதிக்கு யாரிடம் பிடிப்பதென்று தெரியவில்லை. கையின் சட்டையையா பிடிக்க முடியும்?

"அது என்ற பழக்கம்" என்று மட்டும் சொன்னார். "என்னுதும் என்ற சம்சாரத்துதும். அதை எடுக்கச் சொல்லப் போறேன்."

லோகு ஒன்றும் புரியாமல், வளையல் பெட்டியை மூடாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் செலின் திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் இப்போது அந்த சென்டருக்கே பொறுப்பாளர். பூபதிக்குப் பிறகு யார் கதவில் கை வைத்தாலும் அவள் எழுந்திருப்பதில்லை.

"சார், ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னாடியும் ஒரு மெஷின் எல்லாக் கையிலயும் இருக்கற கம்பெனி இடத்தைப் போய்ப் பார்க்கும். நல்லா வேலை செய்யறதைப் பொறுக்கிட்டு வந்து எல்லாக் கைக்கும் அனுப்பும். கம்பெனி இடத்துல இருக்கறதெல்லாம் கம்பெனி வெச்சதுதான்னு அது நினைச்சுக்கும். வேற எப்படி நினைக்கும்? உங்களை மாதிரி ஒருத்தர் அங்க கடை போட்டிருப்பார்னு அதுக்கு யாரும் சொல்லலையே."

"திருட்டு இல்லியா அம்மிணி இது?"

"அவங்க வீட்டு அலமாரியில இருந்து அவங்க எடுத்தா திருட்டா சார்?"

பூபதி கையை மேசைமேல் நீட்டினார். "செரி, இப்ப எடுத்து என்ற எடத்துல வெச்சுருங்க. பின்கட்டுலயே வெய்யுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"இப்ப முடியாது. கம்பெனிச் சரக்குன்னு அதுக்கு முத்திரை விழுந்தாச்சு. உங்க சொந்த இடத்துல அதை வெச்சா, கள்ளத்தனமா எடுத்த நகல்னு கை தானே அழிச்சிடும்."

"என்ற பழக்கத்தை நானே களவாண்டதாயிருமா?"

"ஆமா சார்." அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. "உங்க மூலமாத்தான் வந்ததுன்னு எழுதிக் குடுத்தா எடுக்கச் சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. எடுத்துடுவாங்க. ஆனா எடுத்தா எல்லாக் கையில இருந்தும் போயிடும். உங்க கையில இருந்தும். திரும்பப் பழக்கினாலும் ஒட்டாது. எல்லாருக்கும் இருக்கணும், இல்ல ஒருத்தருக்கும் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பூபதி யோசித்தார். ஊர்க்கை எல்லாம் அவர் மனைவியின் விரலை மடக்கிக்கொண்டு இருப்பதைவிட, யாருக்கும் இல்லாமல் போவது மேல். ஆனால் அது போய்விட்டால் அவளிடம் சொல்ல அவருக்கு வேறு என்ன இருக்கிறது? அவர் வாய் சந்தையில் செலவாகிவிடுகிற வாய். வீட்டுக்கு வரும்போது மிச்சமிருந்தது அந்த ஓர் அழுத்துதான்.

"எடுத்தர்லாம்" என்றார் கோகிலவாணியிடம். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் லோகு வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோகிலவாணி கட்டாயப்படுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அண்ணா, அதை எடுக்கப் போறீங்களாமே."

"ஆமா. நாளைக்கு."

"உங்களுதுன்னா எடுக்கோணும்தானுங். நான் ஞாயம் பேச வல்லீங்." லோகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "என்ற சம்சாரம் சுகுணா என்கூடப் பேசி வருசக்கணக்காச்சுங். ஒரே ஊட்டுலதான் இருக்கறோம். சோறு வெப்பா, தண்ணி வெப்பா, பேச மாட்டா. தப்பு என்ற மேலதானுங். அவங்கப்பா சாகக் கெடந்தப்ப தேர்த் திருவிழா ஏவாரம்னு கடை போடப் போயிட்டேன். அவளையும் கூட இருன்னு கூட்டிட்டுப் போயிட்டேன். மூஞ்சி பாக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்க."

கோகிலவாணி தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இந்த அப்டேட் வந்த பொறவு ஒரு நா தண்ணி வாங்கறப்ப, என்ற கை அவ வெரலை மடக்கி அமுத்துச்சுங். சத்தியமா நான் செய்யல. அவ அப்படியே நின்னா. 'மன்னிச்சுக்கோன்னு வாயில சொல்ல வராதா உனக்கு?'ன்னு கேட்டா. அதுதானுங் மொத வார்த்தை."

"நீ என்னப்பா சொன்ன?" என்று கேட்டார் பூபதி.

"வராதுன்னேன்." லோகு கண்ணைத் துடைத்தார். "அப்பறம் சொன்னேனுங். வாயிலயே சொன்னேன். இப்பப் பேசறா. ஆனா அந்தக் கை அமுத்துனதை நான் அமுத்துனதுன்னே நெனைச்சுக்கிட்டிருக்கறா. நாளைக்கு அது போச்சுன்னா என்னன்னு சொல்லுவேன்?"

பூபதி கொஞ்சம் கறாராகவே பேசினார். "அதுக்கு மன்னிச்சுக்கோன்னு அர்த்தமே இல்லியேப்பா. தரகர் பாஷையில அது வேற. 'இன்னும் ஏத்தித் தரேன்'னு அர்த்தம்."

கோகிலவாணி சட்டென்று சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அழப் போகிறாள் என்று இரண்டு ஆண்களும் நினைத்தார்கள். காப்பியோடு அவள் திரும்பி வந்தபோது அழுத முகமாக இல்லை.

லோகு போன பிறகு பூபதி கேட்டார். "அந்த மனுசன் அழுதுட்டிருக்கறான். நீ சிரிச்சியா உள்ள போயி?"

"சிரிக்காம என்னங் பண்றது? ஏத்தித் தரேன்னு அர்த்தம்னீங்களே."

"அதானே அர்த்தம்?"

"உங்க பழைய கையில அதான் அர்த்தம்ங். அதுல நீங் நுனிக் கணுவுல அமுத்துவீங்." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இந்தக் கை நடுக் கணுவுல அமுத்துது."

பூபதி அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தரகர் வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். நுனிக் கணு என்றால் ஏற்றித் தருகிறேன். நடுக் கணு என்றால், குறைத்துக்கொள்.

"எப்ப இருந்து?"

"மாட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டு வந்த மொத நாளுல இருந்து. அது சந்தையிலதானுங் பழகுச்சு. அங்க நாள் பூரா குறை, குறை, குறைன்னு எல்லாத்தையும் அமுத்தறீங். வெரலை மடக்குனா அடுத்தது அதுதான்னு நெனைச்சுக்கிச்சு. நீங் மனசுல நெனைச்சது ஒண்ணு, அது செஞ்சது ஒண்ணு. அடுத்தவங்க அமுத்தறதுதான் உங்களுக்கு அதுல தெரியும், நீங் எங்க அமுத்தறீங்கறது தெரியாது."

"மூணு வருசமா நான் உன்னைக் குறைச்சுக்கோ, குறைச்சுக்கோன்னா சொல்லிட்டிருந்தேன்?"

"ஆமாங்."

"நீயும் போதாது போதாதுன்னு கீறிட்டிருந்தியே!"

"நீங் குறைன்னீங், நான் போதாதுன்னேன். பேரம்னா அப்படித்தானுங் நடக்கும்."

பூபதிக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் அது வேறெதுவாகவோ மாறப் பார்த்தது. "ஏன் கோகிலா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே திருத்தியிருக்கலாமே."

"அப்ப நீங் இருந்த இருப்பு எனக்குத்தானுங் தெரியும். சாப்பிட மாட்டீங், தூங்க மாட்டீங். மொத மொதலா அந்தக் கையை நீட்டி என்ற வெரலைப் புடிக்கறீங். அப்பப் போயி தப்புன்னு சொன்னா கையைக் கழட்டிப் பரண்ல போட்டிருப்பீங். பொறவு பழகிருச்சு."

"அப்ப வளையக்காரன் அமுத்துனதுக்கு எதுக்கு அழுத? அதுதான் நம்மளுதே இல்லியே."

அவள் வளையலை உருட்டினாள். "தப்பா இருந்தாலும் அது நம்ம தப்புங். அதை எடுத்து ஊருக்கே குடுத்துட்டாங்களேன்னு இருந்துது."

தமிழ்நாடு முழுக்க எத்தனை கைராசி என்று பூபதி நினைத்துப் பார்த்தார். அத்தனை புருஷன்மாரும் பெண்டாட்டியின் விரலை ஆசையாக மடக்கி, 'விலையைக் குறை, விலையைக் குறை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பெண்களும் அதை வேறு ஏதோவாக எடுத்துக்கொண்டு முகம் மலர்கிறார்கள். அவருக்குத் தெரிந்த எந்த வியாபாரத்திலும் இப்படி ஒரு சரக்கு கைமாறி அவர் பார்த்ததில்லை.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "கோகிலா, பழசு எப்படி இருக்கும்? எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கையோடயே போயிருச்சு."

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கைராசியை ஒதுக்கிவிட்டு அவருடைய இடது கையை எடுத்தாள். சந்தையில் யாரும் தொடாத கை. சோற்றுக்கும் இல்லாமல், பேரத்துக்கும் இல்லாமல், சும்மாவே வயதாகிப்போன கை. அதன் மோதிர விரலை மடக்கினாள். நுனிக் கணுவில் பெருவிரலை வைத்தாள். உடனே அழுத்தவில்லை. கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு அழுத்தி, விடும்போது நகத்தின் ஓரமாக வழுக்கிக்கொண்டு போனாள்.

"நிறுத்துவேனா நான்?"

"நிறுத்துவீங். ஒவ்வொரு வாட்டியும். சொல்லலாமா வேண்டாமான்னு."

"இன்னொருக்காக் காட்டு" என்றார் பூபதி.

வெள்ளிக்கிழமை செலின் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். பூபதி வலது கையை மேசைமேல் வைக்க, அதில் வயரை மாட்டினாள். கோகிலவாணி அவருக்கு இடப்பக்கமாக நெருங்கி உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துடலாமா சார்?"

"வேண்டாம் அம்மிணி. இருந்துட்டுப் போகட்டும்."

"வேண்டாமா? உங்களோடதுன்னு அன்னிக்கு அவ்வளவு சண்டை போட்டீங்களே!"

"ஊட்டுல விசாரிச்சுப் பாத்தேன். எங்குளுது இல்லியாம்."

செலின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்டால் இந்த மனிதர் தன்னை எங்கேயாவது கொண்டுபோய் விற்றுவிடுவார் என்று தோன்றியதோ என்னவோ, வேலையைப் பார்த்தாள். "இனிமே பழகறதையாவது உங்க சொந்த இடத்துல வெக்கட்டுமா? கொஞ்சம் மெதுவா வரும், பரவாயில்லையா?"

"வரட்டும். மெதுவா வந்தா, இந்தாளு என்னமோ யோசிக்கறான்னு எதுத்தாப்பல இருக்கறவன் பயப்படுவான். அதையும் வித்துக்கலாம்."

அவள் மாற்றி வைத்தாள். கை சரியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை சோதிக்கத் திரையைத் திருப்பினாள். அப்போது கோகிலவாணி திடீரென்று தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறவளைப்போலத் தோள் குலுங்கியது. பூபதி எதுவுமே நடக்காதவரைப்போலச் சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில், மேசைக்குக் கீழே, கோகிலவாணியின் சேலை முந்தானை மட்டும் லேசாக அசைந்தது.

செலின் குழம்பிப்போய்த் திரையைப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு வரி இருந்தது: கை ஓய்வில் உள்ளது.